நெய்க்குடல்

திருமலைராயன்பட்டினம் மீன் கடைத்தெருவுக்கு வந்து, மீன் வேண்டாம், குடல் மட்டும் போதும் என்று கேட்ட முதல் ஆள் ஜுவைரியாதான். கேட்டது பங்கஜவல்லியிடம். அவள் அரிவாள்மணையில் சங்கரா மீனுக்குச் செதில் சீவிக்கொண்டிருந்தாள். காதில் தப்பாக விழுந்துவிட்டது என்று நினைத்து, "என்னாம்மா, கொடுவாவா? கொடுவா இன்னிக்கு வரல" என்றாள்.

"கொடுவா இல்லக்கா, கொடலு. மீன் கொடலு. அப்பத்தான் அறுத்ததா வேணும்."

பக்கத்துக் கூடைக்காரி காசியம்மாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏம்மா, மீன ஊர்க்காரங்க திங்கறது, கொடல நீ திங்கறதா? பாத்தா நல்ல வூட்டுப் புள்ளயா தெரியிற."

ஜுவைரியா கோபித்துக்கொள்ளவில்லை. முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டு, கையிலிருந்த ஐஸ் பெட்டியைத் திறந்து காட்டினாள். உள்ளே சின்னச் சின்னப் பாட்டில்கள். மீன் குடலில் புழு விழுந்தால் குடல் என்ன ஆகும், புழுவைக் குடல் என்ன செய்யும் என்று காலேஜில் ஆராய்ச்சி பண்ணுகிறாளாம். முடித்தால் டாக்டர் பட்டமாம்.

"அறுத்துப் போட்ட கொடலுக்கு டாக்டர் பட்டம்னா, நானும் பங்கஜமும் இந்நேரம் காரைக்கால் பெரியாஸ்பத்திரியில ஊசி போட்டுக்கிட்டு இருந்திருக்கணும்" என்றாள் காசியம்மா. கடைத்தெருவே சிரித்தது. ஜுவைரியாவும் சேர்ந்து சிரித்தாள். அன்றிலிருந்து அவளுக்கு அங்கே பெயர் கொடல் டீச்சர்.

அவள் நாகூர் மீரான் பாயின் மகள் என்று அப்புறம்தான் பங்கஜவல்லிக்குத் தெரிந்தது. தெரிந்ததும் மணையிலிருந்து எழுந்து நின்றுவிட்டாள். போலகத்தில் அவள் புருஷன் காத்தமுத்து குத்தகைக்கு எடுத்து மீன் வளர்க்கிற குளம் பாயுடையது.

காத்தமுத்து பட்டினச்சேரியிலேயே நல்ல கடலோடி. சுனாமியில் படகு துண்டு துண்டாகிப் போனது. நிவாரணத்துக்கு வந்த ஃபைபர் படகைத் தம்பிக்குக் கொடுத்துவிட்டு, வீட்டு வாசலில் உட்கார்ந்தவன் இரண்டு வருஷம் எழுந்திருக்கவில்லை. ஏன் கடலுக்குப் போகவில்லை என்று ஊரில் யாரும் அவனைக் கேட்கவில்லை. அப்படிக் கேட்கிற ஊர் இல்லை அது. பொண்டாட்டியும் கேட்கவில்லை. அவனாகச் சொல்லவும் இல்லை.

மீரான் பாய்தான் ஒருநாள் வந்து, "எங்க எறா கொளம் சும்மா உமரிச்செடி மண்டிக் கெடக்கு. கொடுவா உட்டுப் பாரேன் காத்தமுத்து" என்றார். பாய் அந்தக் குளத்தில் இறால் விட்டு, வெள்ளைப் புள்ளி நோய் வந்து மொத்தமும் பறிகொடுத்தவர். உப்புத்தண்ணீர்க் குளம் என்றாலே அவருக்குப் பயம். ஆனாலும் கேட்டார். காத்தமுத்துவும் போனான். கரை கட்டினான், மதகு திருத்தினான், ஆற்று உப்புத்தண்ணீரை உள்ளே விட்டான், கொடுவாக் குஞ்சு வாங்கி விட்டான். ஒரு மாசத்தில் ஆளே மாறிப்போனான். சோறு தின்னும்போது பேச ஆரம்பித்தான். எந்த மீன் எந்த மூலையில் நிற்கிறது, எது முரடு, எது சோம்பேறி என்று அவன் கதை சொல்லச் சொல்ல, பங்கஜவல்லிக்குச் சோறு இறங்காது. சந்தோஷத்தில்தான்.

ஒரே ஒரு முள் மட்டும் உள்ளே குத்திக்கொண்டிருந்தது. காரைக்கால் ஏஜெண்ட் ஒருவன் அவனுடைய பாஸ்போர்ட்டை வாங்கி வைத்திருந்தான். பக்ரைனில் மீன்பிடி வேலை. "இந்தக் கொடுவா சரியா வரலன்னா நான் கெளம்பிருவேன், பாத்துக்க" என்று காத்தமுத்து சொல்லியிருந்தான். சொந்த ஊர்க் கடலில் கால் நனைக்காதவன் எவனோ ஒருவன் கடலில் எவனோ ஒருவன் படகில் ஏறுகிறான் என்றால், அது பிழைப்புக்காக இல்லை, ரோஷத்துக்காக. அப்படிப் போகிறவன் திரும்பி வருவானா என்பதுதான் அவள் பயம்.

அதனால்தான் அந்த வாளி. கடைத்தெருவில் அறுக்கிற மீன் குடலெல்லாம் முன்பு காக்கைக்கும் பூனைக்கும் போகும், மிச்சம் சாக்கடைக்குப் போகும். குளம் எடுத்த பிறகு பங்கஜவல்லி ஒன்றையும் விடுவதில்லை. தன் மணைக்குக் கீழே ஒரு வாளி, காசியம்மா மணைக்குக் கீழே ஒரு வாளி. உச்சிப்பொழுதுக்கு மேல் பஸ் ஏறி, கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு திட்டத் திட்ட, போலகம் கொண்டுபோய்க் குளத்தில் கொட்டுவாள். கொடுவா குதித்து வந்து விழுங்கும். தண்ணீர் கொதிப்பதுபோல் இருக்கும். காத்தமுத்து கரையில் குந்தி, "ஒன் வாளியப் பாத்தாத்தான் அதுங்களுக்கு உசுரே வருது" என்பான். கட்டின புருஷன் வாயால் அதைக் கேட்க அவள் பஸ்ஸில் எத்தனை திட்டு வேண்டுமானாலும் வாங்குவாள்.

ஆடி மாசத்தில் ஒரு மீனைப் பிடித்து அறுத்துப் பார்த்தார்கள். குடல் தடிமனாக, வெளுத்து, விரலுக்குக் கொழுகொழுவென்று இருந்தது.

"நெய் வச்சிருக்குங்க!" என்று பங்கஜவல்லி கத்தினாள்.

அந்தக் கரையில் மீன் அறுக்கிற பெண்கள் எல்லோருக்கும் தெரிந்த கணக்கு அது. சினைக்கு முன்னால் கடல் மீன் நன்றாகத் தின்று, குடலைச் சுற்றிக் கொழுப்புக் கட்டும். அதைத்தான் நெய்க்குடல் என்பார்கள். தயங்குகிற வாடிக்கையாளருக்குக் குடலைத் தூக்கிக் காட்டி, "நெய்யப் பாருங்க, அப்பறம் பேசுங்க" என்றால் பேரம் முடிந்த மாதிரிதான். அந்தக் கண்ணோடு பார்த்தவளுக்கு வேறு எதுவும் தோன்றவில்லை. குளத்து மீன் சினைக்கு வருகிற வயசா என்று யோசிக்கவும் இல்லை. கடைத்தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தாள். காசியம்மாவிடமிருந்து இன்னொரு வாளியும் கடன் வாங்கினாள்.

ஆவணி பிறந்ததும் மீன்கள் இளைக்கத் தொடங்கின. தலை பெருத்து, உடம்பு ஒடுங்கி, மதகு ஓரமாக மந்தமாக மிதந்தன. "வெயிலு" என்றான் காத்தமுத்து. "கண்ணு பட்டிருக்கும்" என்றாள் பங்கஜவல்லி. ஆனாலும் அறுத்த மீனிலெல்லாம் குடல் தடித்துத்தான் இருந்தது. நெய் இருக்கிறது, பிறகென்ன என்று தேற்றிக்கொண்டாள்.

ஒருநாள் காலை ஜுவைரியா கடைத்தெருவுக்கு வந்ததும் பங்கஜவல்லி இலையில் மடித்து வைத்திருந்ததை எடுத்து நீட்டினாள். "ஒங்க வாப்பா கொளத்து கொடுவாம்மா. நெய்க்கொடலு. ஒனக்குன்னு எடுத்தாந்தேன்."

ஜுவைரியா மணை ஓரத்திலேயே குந்தி, சின்னக் கத்தியால் குடலை நீளவாக்கில் பிளந்து விரித்தாள். அவள் முகம் மாறியதைப் பங்கஜவல்லி பார்த்தாள்.

"அக்கா, இது நெய் இல்ல."

"நெய் இல்லாம? தடிப்பப் பாரு!"

"தடிப்பு இருக்கு. கொழுப்பு வெளியில கட்டும். இது உள்பக்கம் தடிச்சிருக்கு. இங்க வாங்க, தொட்டுப் பாருங்க."

பங்கஜவல்லி விரலை வைத்தாள். உள்ளே கஞ்சி ஆடை மாதிரி சளி கட்டிக் கிடந்தது. அதை வழித்ததும் சுவர் முழுக்கச் சின்னச் சின்ன மேடுகள். ஒவ்வொரு மேட்டிலும் வெள்ளை நூல் போல ஒன்று தலையைப் புதைத்துத் தொங்கியது. ஜுவைரியா ஒன்றை இழுத்தாள். வரவில்லை.

"தலையில கொக்கி இருக்குக்கா. செவத்துல ஏத்திக்கிட்டு ஒக்காந்துரும். இதுக்கு வாயும் கெடையாது, வயிறும் கெடையாது. மீனு தின்னது செரிச்சு வர்றத ஒடம்பாலயே உறிஞ்சிக்கும்."

"வாயுமில்ல வயிறுமில்ல, ஆனா அடுத்தவன் சோத்துல கொழுக்குது" என்று எட்டிப் பார்த்தாள் காசியம்மா. "நம்ம பக்ரைன் ஏஜெண்டு மாதிரில்ல இருக்கு."

பங்கஜவல்லிக்குச் சிரிப்பு வரவில்லை.

"இது எப்புடிம்மா கொளத்துக்குள்ள வந்துச்சு?"

"புழு இருக்குற மீன பச்சையா தின்னா வரும். கொடலோட தின்னா கேக்கவே வேணாம், அங்கேருந்து கழண்டு இங்க மாட்டிக்கும். ஆமா, என்ன எர போடுறீங்க?"

பங்கஜவல்லியின் கண் தானாக மணைக்குக் கீழே போனது. வாளி நிறையக் குடல் இருந்தது. ஜுவைரியாவும் அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, ஒன்றும் கேட்காமல் கத்தியைத் துடைத்தாள். அந்தப் பெண் அப்போது ஏதாவது கேட்டிருந்தால்கூடப் பங்கஜவல்லிக்குக் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும்.

அன்று வாளியை எடுக்காமலே பஸ் ஏறினாள். புருஷனிடம் எப்படிச் சொல்வது என்று வழியெல்லாம் வார்த்தை தேடினாள். போலகத்தில் இறங்கினால், அவளுக்கு முன்னாலேயே மகளோடு காரில் வந்து இறங்கியிருந்தார் மீரான் பாய். காரின் பின்பக்கம், குளத்து மீனையெல்லாம் மொத்தமாகச் சாகடிக்கிற அளவுக்குப் பிளீச்சிங் பவுடர் மூட்டைகள்.

"கிருமின்னா கிருமிதான்ப்பா" என்று பாய் கரையில் நின்று பேசிக்கொண்டிருந்தார். "எறாவுல இப்புடித்தான், நாளைக்குப் பாக்கலாம் நாளைக்குப் பாக்கலாம்னு இருந்தேன். என் கொளத்தோட போச்சா? பக்கத்துக் கொளமெல்லாம் போச்சு. அவுக மூஞ்சில முழிக்க முடியாம நான் மார்க்கெட்டுக்கு வேற வழியா நடந்தேன். இன்னொரு தடவ தாங்காது. கொட்டிருவோம்."

காத்தமுத்து தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தான். வாசலில் உட்கார்ந்திருந்த அந்த இரண்டு வருஷத்து முகம் திரும்பி வந்திருந்தது. "கொட்டிருங்க பாய்" என்றான். "எனக்கு ராசி இல்ல. நான் ஏஜெண்டுகிட்ட சொல்லிக்கிறேன்."

"ராசியும் இல்ல, கண்ணும் இல்ல" என்றாள் பங்கஜவல்லி. "நாந்தான்."

"நீ என்ன பண்ணுன?"

"வாளி. கொடல்ல புழு இருந்திருக்கு. நாந்தான் செமந்தாந்து கொட்டுனேன். நீங்க சந்தோசப்படுறீங்கன்னு ரெண்டு மூணா கொட்டுனேன்."

காத்தமுத்து அவளை நிமிர்ந்து பார்த்தான். கரை மேலே விறுவிறுவென்று நடந்து, அந்தக் கோடியில் போய் நின்றுகொண்டான். பங்கஜவல்லி அழவில்லை. அழுதால் பாய் முன்னால் அவனுக்குத்தான் அசிங்கம்.

"வாப்பா, கொஞ்சம் பொறுங்க" என்றாள் ஜுவைரியா. "இது எறா நோய் மாதிரி தண்ணில பரவுற கிருமி இல்ல. புழு. எர வழியா வந்தது, எரைய நிறுத்துனா நிக்கும்."

"உள்ள இருக்குறது?"

"அதத்தான் நான் வருசக்கணக்கா பாத்துக்கிட்டிருக்கேன். காத்தமுத்துண்ணே, இங்க வாங்க!"

கூப்பிட்ட குரலில் ஒரு வாத்தியாரம்மா இருந்தாள். அவன் வந்தான். ஜுவைரியா ஐஸ் பெட்டியின் மூடியைக் கவிழ்த்து, அதன்மேல் பிளந்த குடலை விரித்தாள்.

"இந்தச் சளி சும்மா வரலண்ணே. புழு வந்ததும் கொடலு சொரக்குது. புதுசா வர்ற புழு புடிக்க முடியாம வழுக்கிக்கிட்டு வெளிய போயிரணும்னு. இந்த மேடு இருக்குல்ல, கொக்கி எறங்குன எடத்தச் சுத்தி கொடலு செவுரு கட்டுது. இதுக்கு மேல நீ வராதன்னு."

காத்தமுத்து மேட்டைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தான். பிறகு தன் உள்ளங்கையைத் திருப்பினான். வலைக்கயிறு இழுத்து இழுத்துக் காப்புக் காய்த்த கை அது.

"காப்பு மாதிரி" என்றான்.

"காப்புதான். அதே வேலதான்."

"புழு உள்ள இருக்கையிலயேவா கட்டுது?"

"ஆமா. ஆனா நாம மேல மேல புழுவ அனுப்பிக்கிட்டே இருந்தோம். தின்ன சோத்தயெல்லாம் செவுரு கட்டவே செலவு பண்ணுது, அதான் எளைக்குது. புதுசு போவாம இருந்தா, பழசு ஆயுசு முடிஞ்சு உதுந்துரும். கொஞ்ச மாசம்தான் அதுக்கு ஆயுசு."

காத்தமுத்து இன்னொரு மேட்டையும் அழுத்திப் பார்த்தான். "அப்ப அது இன்னும் மல்லுக்கட்டிக்கிட்டுத்தான் இருக்கு" என்றான், யாருக்கும் இல்லாமல்.

"எரைய வேவ வச்சுப் போட்டா?" என்றாள் பங்கஜவல்லி. யோசித்துக் கேட்டதல்ல. மீனென்றால் வேகவைப்பது, அவ்வளவுதான் அவளுக்குத் தெரியும்.

ஜுவைரியா திரும்பிப் பார்த்தாள். "வெந்தா புழு ஏதுக்கா? ஆனா கொடுவா திங்குமா தெரியல. அது ஓடுற எரையத்தான் தொரத்தும்."

"திங்க வைக்கிறது என் பாடு" என்றான் காத்தமுத்து.

பாய் தாடியைத் தடவிக்கொண்டு மூட்டைகளையும் மகளையும் மாறி மாறிப் பார்த்தார். இந்தப் பெண் குடல் பாட்டிலை வீட்டு ஃபிரிட்ஜில் வைத்தபோது வீடு இரண்டுபட்டதும், இதையா படிக்கணும் என்று அவரே கத்தியதும் ஞாபகம் வந்ததோ என்னவோ. "கார்த்திகை வரைக்கும். அதுக்குள்ள பக்கத்துக் கொளத்துல ஒரு மீனு மொதந்தாலும் கேக்க மாட்டேன்" என்று சொல்லிக் காரில் ஏறினார்.

மறுநாளிலிருந்து போலகத்துக் கரையில் அண்டா ஏறியது. கடைத்தெருக் குடலெல்லாம் தென்னந்தோப்பில் குழி தோண்டிப் புதைக்கப்பட்டது. படகுத்துறையில் கழித்துப் போடுகிற காரப்பொடி, சூடை போன்ற சின்ன மீன்களை வாங்கி வந்து குடலை நீக்கி, பங்கஜவல்லி வேகவைத்தாள். நாற்றம் போலகம் முழுக்கப் போனது. களை பறிக்க வந்த பெண்கள், "என்ன பங்கஜம், மீனுக்கு மீன் கொழம்பா? புளி போட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார்கள். அவள் விறகை ஊதி ஊதிக் கண் சிவந்து, "போட்டேன், ஒரு கை கொறையுது, நீ வந்து கரைச்சு ஊத்து" என்றாள்.

கொடுவா தொடவில்லை. வெந்த துண்டுகள் அப்படியே அடியில் போய் உட்கார்ந்தன. அந்த நாட்களில் காத்தமுத்துவும் சரியாகச் சாப்பிடவில்லை. அவள் கொண்டுவந்த பழைய சோறும் சுட்ட கருவாடும் தூக்குவாளியில் அப்படியே திரும்பும். வாளி விஷயத்தைப் பற்றி அவன் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டித் தொலைத்தால் பாரம் இறங்கும் என்று அவளுக்கு இருந்தது. கடைசியில் அவளே கேட்டாள்.

"எம்மேல கோவமா இருக்கீங்களா?"

"இருந்துச்சு."

"இப்ப?"

"நீயாச்சும் கொடலத் தூக்கிக்கிட்டு பஸ்ஸு பஸ்ஸா ஏறுன. ரெண்டு வருசம் நான் வாசல்ல குந்திக் கெடந்தேனே, நீ கோச்சிக்கிட்டியா?" என்றான். அவ்வளவுதான். துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு தண்ணீருக்குள் இறங்கிவிட்டான். பங்கஜவல்லி அண்டாவுக்குப் பின்னால் போய் நின்று, புகை மேல் பழியைப் போட்டு நன்றாக அழுதாள்.

வெந்த துண்டைத் தண்ணீரில் போடக் கூடாது, எறிய வேண்டும் என்று காத்தமுத்து கண்டுபிடித்தான். சின்ன வயதில் உப்பங்கழியில் ஓட்டாஞ்சில்லு விட்டது போல, பக்கவாட்டில் வீசினால் துண்டு தண்ணீர்மேல் தத்தித் தத்தி ஓடும். ஓடுவதைக் கண்டால் கொடுவாவுக்குப் பொறுக்காது. முதலில் ஒரு முரடு வந்து கவ்வியது. துப்பிவிட்டது. அவன் மறுபடியும் வீசினான். மறுபடியும் கவ்வியது. இந்தத் தடவை துப்பவில்லை. "தின்னுருச்சு புள்ள!" என்று அவன் போட்ட கத்தலில் வயலில் இருந்தவர்கள் யாரோ குளத்தில் விழுந்துவிட்டார்கள் என்று ஓடி வந்தார்கள். அப்புறம் தினமும் தோள் வீங்க வீசினான். ராத்திரி அவள் நல்லெண்ணெய் காய்ச்சித் தேய்த்துவிடுவாள்.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. ஆற்றில் தண்ணீர் ஏறி, கரை ஒரு இடத்தில் வாயைப் பிளந்தது. காத்தமுத்து மண் மூட்டை அடுக்கினான். சில மீன்கள் செத்து ஒதுங்கின. ஒவ்வொன்று ஒதுங்கும்போதும் பங்கஜவல்லி அவன் முகத்தைத்தான் பார்த்தாள். பக்கத்துக் குளத்தில் ஒன்றும் மிதக்கவில்லை.

கார்த்திகை தூறலில் குடை பிடித்துக்கொண்டு மீரான் பாயும் ஜுவைரியாவும் வந்தார்கள். காத்தமுத்து மூலைக்கு ஒன்றாக வீச்சுவலையில் மீன் பிடித்துப் போட்டான். மீன்களுக்கு உடம்பு பிடித்திருந்தது. ஆனால் வெளித்தோற்றத்தை நம்பக் கூடாது என்று எல்லோருக்கும் பாடம் ஆகியிருந்தது. பங்கஜவல்லி அரிவாள்மணையில் உட்கார்ந்து வயிற்றைக் கீறினாள். விரலை உள்ளே விட்டுக் குடலை எடுத்தாள். குடல் தடிப்பாகவே இருந்தது.

"அப்புடியேதான் இருக்கு" என்றாள்.

பாய் "யா அல்லாஹ்" என்று குடையை மடக்கினார். காத்தமுத்து வலையை அலச ஆரம்பித்தான்.

"குடுங்கக்கா" என்று ஜுவைரியா வாங்கிப் பிளந்தாள். மழைத்தண்ணீரிலேயே கழுவினாள். ஆடை மாதிரிச் சளி இல்லை. சுவர் இளஞ்சிவப்பாக இருந்தது. மேடுகள் இருந்தன, ஆனால் கெட்டியாக, மூடி. ஒரு மேட்டைக் கீறினாள். உள்ளே புழு இல்லை. அடுத்தது. அதிலும் இல்லை. இன்னொன்றில் பழுப்பாக ஏதோ நொறுங்கிக் கிடந்தது.

"இது செத்த கொக்கி" என்றாள். "தடிப்பு அவ்வளவு சீக்கிரம் போவாதுக்கா. இது தழும்பு."

அடுத்த மீனிலும் அப்படித்தான். அதற்கடுத்ததில் ஒரு புழு உயிரோடு தொங்கியது. பாய் முதலில் பார்த்துவிட்டார். "இருக்கேம்மா!"

"இருக்கும் வாப்பா. கடல் மீனுலயும் இருக்கும். ஒண்ணு ரெண்டு இருந்தா மீனு சமாளிச்சுக்கும். கூட்டம் போயிருச்சு, பாருங்க. செவுரு எல்லாம் தேறியிருக்கு. இனி தின்னதெல்லாம் ஒடம்புலதான் சேரும்."

"அப்ப பொங்கலுக்குப் புடிக்கலாங்கிற?"

"தாராளமா."

பங்கஜவல்லி குடலைத் தன் கையில் வாங்கினாள். ஒவ்வொரு தழும்பாக விரலை ஓட்டினாள். பிறந்ததிலிருந்து மீன் அறுக்கிறாள், குடலை இப்படி ஒருநாளும் தடவிப் பார்த்ததில்லை. நெஞ்சு நிறைந்து, என்ன செய்வதென்று தெரியாமல் ஜுவைரியாவின் கன்னத்தை வழித்து நெட்டி முறித்தாள். மீன் கையோடு. அந்தப் பெண் கூச்சப்பட்டாளே தவிர முகத்தைத் திருப்பவில்லை.

பாய்க்கு வியாபாரப் பேச்சு வந்துவிட்டது. "என்னப்பா காத்தமுத்து, அடுத்த குஞ்சுக்குச் சொல்லணும்ல. நீ பாட்டுக்கு பக்ரைன் கெளம்பிட்டா நான் யாரத் தேடுறது? அந்தப் பேச்சு முடிஞ்சிருச்சா, இன்னும் இருக்கா?"

பங்கஜவல்லியின் கை குடல்மேல் அப்படியே நின்றது.

காத்தமுத்து வலையை உதறிக் கரையில் விரித்தான். நேராக நிமிர்ந்து, மழைத்தண்ணீரை முகத்திலிருந்து வழித்தான்.

"அந்தப் பாஸ்போட்ட ஏஜெண்டுகிட்டேருந்து திருப்பி வாங்கியாந்துர்றேன் பாய். அங்க போயி எனக்கு ஒரு நோவுன்னா, எம் பொண்டாட்டி மாதிரி அறுத்துப் பாத்து, தப்புன்னா நாந்தான்னு ஒத்துக்கிறதுக்கு ஆளு ஏது?"